பதினான்கு ஆண்டு வனவாசம்

கட்டற்ற மென்பொருளின் கதை – 21

ஜெர்மனியில் பள்ளி வயதுப் பையன் ஒருவன் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தை 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விலைக்கு வாங்கியதையும், அடுத்த ஆண்டே அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த நிரலிலிருந்து 2002 மே மாதம் ஓப்பன்ஆபிஸ் 1.0 வெளிவந்தது. கடிதம் அடிக்கலாம், கணக்குப் போடலாம், காசு தர வேண்டாம். வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. பிடித்தால் வைத்துக்கொள்வார், பிடிக்காவிட்டால் மறுநாளே அழித்துவிடுவார்.

பதினாலாயிரம் கணினி வைத்திருக்கும் அலுவலகம் அப்படிச் செய்ய முடியாது. அங்கே ஒரு மென்பொருளை மாற்றுவதென்றால் பட்ஜெட்டை மாற்ற வேண்டும், பழக்கத்தை மாற்ற வேண்டும், சில சமயம் அதிகாரிகளின் அதிகாரத்தையே மாற்ற வேண்டும். அதைச் செய்து பார்க்க முன்வந்தது பவேரியாவின் தலைநகரான மியூனிக். உலகமே வேடிக்கை பார்க்க, பத்து ஆண்டு பாடுபட்டு மாற்றியது. பிறகு மாற்றியதையெல்லாம் திரும்ப மாற்றுவதென்று தீர்மானம் போட்டது.

காலெண்டர் யார் கையில்?

2002-ல் மியூனிக் மாநகராட்சியின் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் என்.டி. 4.0. அது 1996-ல் வந்த இயங்குதளம். அதன்மேல் ஊழியர்களுக்குப் பெரிய புகார் எதுவும் இல்லை. ஆனால் அதற்கான ஆதரவை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஆதரவு நின்றால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆளிருக்காது. புதிய அச்சுப்பொறி வாங்கினால் அதற்கு டிரைவர் கிடைக்காது. நன்றாக ஓடும் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பதிப்பை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பதிப்புக்கும் இதே கதிதான்.

மேயர் கிறிஸ்டியான் ஊடே சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், 1993 முதல் பதவியில் இருந்தவர். மாநகராட்சி எந்த ஆண்டு எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்பதை ரெட்மண்டில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் முடிவு செய்வதா என்பதுதான் அவரைச் சுற்றியிருந்தவர்களை உறுத்திய கேள்வி. நகர மன்றம் ஆய்வுக்கு உத்தரவிட்டது. யூனிலாக் என்ற ஆலோசனை நிறுவனம் பல வழிகளை எடைபோட்டது. விண்டோஸ் எக்ஸ்.பி.யும் எம்.எஸ். ஆபிஸும் ஒரு வழி, லினக்ஸும் ஓப்பன்ஆபிஸும் இன்னொரு வழி, நடுவில் சில கலவைகள். பணத்தை மட்டும் பார்த்தால் விண்டோஸிலேயே இருப்பது மலிவு. நீண்டகாலப் பயன், யாரையும் சாராதிருத்தல் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தால் லினக்ஸ் மேல். ஆய்வின் சாரம் இதுதான்.

இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "மியூனிக் காசை மிச்சம் பிடிக்க லினக்ஸுக்குப் போனது" என்று பின்னாளில் பலரும் எழுதினார்கள். தொடக்கத்தில் அப்படி யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை, முடிவு நம் கையில் இருக்கட்டும் என்பதே அன்றைய வாதம்.

பனிச்சறுக்கை விட்டு வந்தவர்

மைக்ரோசாஃப்டுக்குப் பதினாலாயிரம் கணினி என்பது கொசுறு. ஆனால் ஐரோப்பாவின் பெருநகரம் ஒன்று கைநழுவினால் அடுத்த நகரம் கேட்கும், அதற்கடுத்த நகரமும் கேட்கும். அந்த ஆண்டுகளில் நிறுவனத்துக்குள் என்ன மனநிலை இருந்தது என்பதற்கு ஓர் ஆவணம் உண்டு. 2002 கோடையில் விற்பனைத் தலைவர் ஒர்லாண்டோ அயாலா தன் ஆட்களுக்கு அனுப்பிய குறிப்பு அது. அரசுகளிடமும் பெரிய நிறுவனங்களிடமும் எந்த நிலையிலும் லினக்ஸிடம் தோற்கக் கூடாது, தேவையென்றால் விலையைத் தாராளமாகக் குறைக்கலாம், அதற்கென்று தனி நிதியே இருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார். 2003 மே மாதம் இது பத்திரிகைகளில் வெளியானது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில், தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார். விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு நேராக மியூனிக் வந்து மேயரைப் பார்த்தார். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ஒரு மாநகராட்சி டெண்டருக்காக நேரில் வந்து நின்றது அதுவரை யாரும் கேள்விப்படாத சங்கதி. விலையும் இறங்கியது. முதலில் 36.6 மில்லியன் டாலர் என்று பேசப்பட்ட தொகை கடைசியில் 23.7 மில்லியன் வரை வந்ததாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. எதிரணியில் ஐ.பி.எம்.மும் பவேரியாவின் நியூரம்பர்க் நகரைச் சேர்ந்த லினக்ஸ் நிறுவனமான சூசேயும். அவர்கள் சொன்ன தொகை இதைவிட அதிகம்.

பேரம் படியவில்லை. இவ்வளவு வேகமாக இறங்கக்கூடிய விலை என்றால் முதலில் சொன்ன விலைக்கு என்ன அர்த்தம் என்ற சந்தேகம்தான் மன்ற உறுப்பினர்களுக்கு மிஞ்சியது. 2003 மே 28 அன்று மியூனிக் நகர மன்றம் லினக்ஸுக்கு மாறுவதென்று தீர்மானித்தது. எதிர்க்கட்சியான கிறிஸ்தவ சமூக ஒன்றியம் எதிர்த்தது. 2004 ஜூனில் விரிவான திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. திட்டத்துக்கு வைத்த பெயர் லிமுக்ஸ்.

ஊடே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்ன சம்பவம் இது. பில் கேட்ஸ் மியூனிக் வந்திருந்தார். விமான நிலையத்துக்குப் போகும் காரில் இருவரும் ஒன்றாகப் பயணம். இதையெல்லாம் எதற்காகச் செய்கிறீர்கள் என்று கேட்ஸ் கேட்டிருக்கிறார். சுதந்திரமாக இருக்கத்தான் என்றார் ஊடே. யாரிடமிருந்து சுதந்திரம் என்று கேட்க, உங்களிடமிருந்துதான் என்று பதில் சொன்னாராம். கேட்ஸுக்கு அது விளங்கவே இல்லை என்பது ஊடேயின் கூற்று.

சூசே தோற்ற டெண்டர்

முதல் தடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் மென்பொருள் காப்புரிமைச் சட்ட வரைவு ஒன்று விவாதத்தில் இருந்தது. அது நிறைவேறினால் லினக்ஸைப் பயன்படுத்தும் நகரத்தின்மேல் யாராவது வழக்குப் போடலாமே என்று திட்டத்தை ஆதரித்த பசுமைக் கட்சி உறுப்பினரே கேள்வி எழுப்பினார். 2004 ஆகஸ்டில் டெண்டர் சில வாரம் நிறுத்திவைக்கப்பட்டது. சட்ட ஆலோசனை பெற்றுத் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 6 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 648-க்கு 14 என்ற கணக்கில் அந்த வரைவைத் தூக்கியெறிந்தது.

2005-ல் டெண்டர் முடிவானபோது பலருக்கும் வியப்பு. சண்டையில் முன்னால் நின்ற சூசேக்கு வேலை கிடைக்கவில்லை. சாஃப்ட்கான், கோனிகஸ் என்ற இரண்டு சிறிய ஜெர்மன் நிறுவனங்கள் டெபியன் லினக்ஸை வைத்துச் செய்து தருகிறோம் என்று வந்து வென்றன. டெபியன் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கட்டிக் காக்கும் தொகுப்பு. மைக்ரோசாஃப்டை விட்டு இன்னொரு நிறுவனத்தின் பிடியில் போய் விழுவதற்கா இவ்வளவு பாடு என்று நகரம் யோசித்திருக்கிறது. கட்டற்ற மென்பொருளில் ஒப்பந்ததாரரை மாற்றினாலும் மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. அந்த வசதியை மியூனிக் முதல் சுற்றிலேயே பயன்படுத்திக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து டெபியனிலிருந்து உபுண்டுவுக்கு மாறியதும் இதே வசதியால்தான்.

2006 செப்டம்பரில் முதல் கணினிகள் லிமுக்ஸுக்கு மாறின. தீர்மானம் போட்டு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. "இன்னுமா முடியவில்லை?" என்று பத்திரிகைகள் கேலி செய்யத் தொடங்கின. தாமதத்துக்குக் காரணம் லினக்ஸில் இல்லை, மியூனிக்கில் இருந்தது.

ஒரு கடிதத்தின் கதை

மாநகராட்சி என்று ஒற்றைச் சொல்லில் சொல்கிறோம். கணினி விஷயத்தில் அங்கே இருந்தது இருபதுக்கும் மேற்பட்ட குட்டி ராஜ்யங்கள். துறைக்குத் துறை தனித்தனிக் கணினிப் பிரிவு, தனித்தனி நிர்வாகி, தனித்தனியாக அமைத்துக்கொண்ட விண்டோஸ். ஒரு துறையில் வேலை செய்யும் நிரல் பக்கத்துத் துறையில் வேலை செய்யாது. யாரிடம் என்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியல் எவரிடமும் இல்லை. மாற்றத்துக்காகக் கணக்கெடுக்கப் போனபோதுதான் இதுவே தெரியவந்தது.

உண்மையான பூட்டு இயங்குதளத்தில் இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அது வேர்டு கோப்புகளுக்குள் இருந்தது. மாநகராட்சி என்பது அடிப்படையில் கடிதம் அடிக்கும் இயந்திரம். வீட்டுமனை அனுமதி, பிறப்புச் சான்று, அபராத நோட்டீஸ், உதவித்தொகைக் கடிதம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்ப்ளேட். அதற்குள் யாரோ ஓர் ஊழியர் பத்து வருடத்துக்கு முன் எழுதிய மேக்ரோ என்ற குட்டி நிரல். அவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் தினமும் வேலை செய்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான டெம்ப்ளேட்கள், நூற்றுக்கணக்கான மேக்ரோக்கள். எல்லாம் எம்.எஸ். ஆபிஸுக்கென்றே எழுதப்பட்டவை. ஓப்பன்ஆபிஸில் திறந்தால் வரிகள் குலையும், மேக்ரோ ஓடாது.

இதற்கு மியூனிக் கண்ட விடை வோல்முக்ஸ். ஓப்பன்ஆபிஸின் மேல் உட்காரும் இந்த நிரலை மாநகராட்சியின் ஆட்களே எழுதினார்கள். அது என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஓர் எழுத்தர் கணினியில் நுழைகிறார். புதிய கடிதம் என்று அழுத்துகிறார். அவர் பெயர், துறை, அறை எண், தொலைபேசி, அலுவலக முகவரி எல்லாம் மாநகராட்சியின் பணியாளர் தரவுத்தளத்திலிருந்து வந்து தலைப்பில் உட்கார்ந்துகொள்கின்றன. அவர் வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போனால் டெம்ப்ளேட்டை யாரும் திருத்த வேண்டாம், தலைப்பு தானே மாறும். பக்கத்தில் ஒரு படிவம் திறந்திருக்கும். விண்ணப்பதாரர் திருமணமானவரா என்ற கட்டத்தில் டிக் செய்தால் அதற்குரிய பத்தி கடிதத்தில் முளைக்கும், டிக்கை எடுத்தால் மறையும். கடைசியாக அச்சு. ஜெர்மன் அலுவலக நடைமுறையில் ஒரே கடிதத்துக்குப் பல பிரதிகள் உண்டு. பெறுநருக்குப் போகும் பிரதியில் கடிதம் மட்டும் இருக்க வேண்டும். கோப்பில் வைக்கும் பிரதியில் "இதன் நகல் இன்னாருக்கு, இத்தனாம் தேதி மறுபார்வை" போன்ற உள்குறிப்புகள் ரோமன் எண்ணிட்டு இருக்க வேண்டும். எந்தப் பிரதியில் எது வர வேண்டும் என்பதை வோல்முக்ஸ் பார்த்துக்கொள்ளும். எழுத்தர் அச்சிடச் சொன்னால் போதும்.

எந்த மென்பொருள் நிறுவனமும் மியூனிக் எழுத்தரின் மேசையை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்காது. துறைக்கு ஒன்றாகக் கிடந்த டெம்ப்ளேட்கள் ஒழுங்குக்கு வந்தன, இரட்டிப்புகள் கழிந்தன. 2008-ல் நகரம் வோல்முக்ஸைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. மக்கள் வரிப்பணத்தில் எழுதிய நிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றானது. கோப்பு வடிவத்திலும் நகரம் தெளிவாக இருந்தது. திருத்த வேண்டிய ஆவணங்களுக்கு ஓ.டி.எஃப்., திருத்த வேண்டாதவற்றுக்கு பி.டி.எஃப். 2006-ல் ஓ.டி.எஃப். சர்வதேசத் தரமாக அங்கீகாரம் பெற்றிருந்ததால் இந்த முடிவுக்கு வலுவும் கிடைத்தது.

கணக்கும் எதிர்க்கணக்கும்

வேகத்தைவிடத் தரம் முக்கியம் என்பது திட்டக் குழுவின் கொள்கை. முதலில் வைத்த கெடு தாண்டியது, செலவும் காலமும் நீட்டிக்கப்பட்டன. ஆனால் 2010-க்குப் பிறகு எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. லிமுக்ஸ் கணினிகள் 1,500-லிருந்து 9,500 ஆன காலத்தில், மாதத்தில் அதிகபட்சமாக வந்த கோளாறுப் புகார்கள் 70-லிருந்து 46 ஆகக் குறைந்தன என்று 2012-ல் ஊடே மன்றத்தில் தெரிவித்தார். 2013 இறுதியில் திட்டம் முடிந்ததாக அறிவித்தபோது 14,800-க்கும் மேற்பட்ட கணினிகளில் லிமுக்ஸ் ஓடியது. ஓப்பன்ஆபிஸை விட்டு அதிலிருந்து பிரிந்த லிப்ரெஆபிஸுக்கும் நகரம் மாறிக்கொண்டிருந்தது.

செலவு எவ்வளவு? லிமுக்ஸுக்கு ஆனது சுமார் 23 மில்லியன் யூரோ, இதே வேலையை விண்டோஸிலும் எம்.எஸ். ஆபிஸிலும் செய்திருந்தால் 34 மில்லியன் ஆகியிருக்கும், ஆகவே மிச்சம் 11 மில்லியனுக்கு மேல். இது நகரத்தின் கணக்கு. சில மாதத்தில் மைக்ரோசாஃப்டின் ஏற்பாட்டில் எச்.பி. செய்த ஆய்வு ஒன்று செய்தியில் வந்தது. அதன்படி லிமுக்ஸுக்கு ஆனது 60.6 மில்லியன், விண்டோஸில் இருந்திருந்தால் வெறும் 17 மில்லியன். அந்த 17 மில்லியன் பத்து ஆண்டுப் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யையும் ஆபிஸ் 2003-ஐயும் வைத்துப் போட்ட கணக்கு என்று நகரம் திருப்பிக் கேட்டது. எக்ஸ்.பி.க்கான ஆதரவே 2014 ஏப்ரலில் முடியவிருந்தது.

அந்த ஆதரவு முடிவதை ஒட்டி மியூனிக் இன்னொன்றும் செய்தது. எக்ஸ்.பி. போன பிறகு பழைய கணினியைக் குப்பையில் போடாதீர்கள் என்று சொல்லி, லுபுண்டு லினக்ஸ் குறுவட்டுகளை நூலகம் வழியாகப் பொதுமக்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. நம்பிக்கையின் உச்சம் என்று அந்த நாட்களைச் சொல்லலாம்.

அரியணையில் பாதுகை

உச்சத்தில் இருந்தபோதே கீழே ஒரு விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. இராமன் காட்டுக்குப் போனாலும் அவன் பாதுகை அரியணையில் இருந்ததல்லவா? மியூனிக்கிலும் விண்டோஸ் முழுதாகப் போய்விடவில்லை. வரி, போக்குவரத்து, நில அளவை போன்ற துறைகளுக்கென்று எழுதப்பட்ட தனி நிரல்களில் பல விண்டோஸில் மட்டுமே ஓடும். அவற்றை எழுதிய நிறுவனங்கள் ஒரே ஒரு நகரத்துக்காக லினக்ஸ் பதிப்பு எழுதத் தயாரில்லை. அதனால் ஆயிரக்கணக்கான கணினிகள் விண்டோஸிலேயே இருந்தன. பவேரிய மாநில அரசும் மற்ற நகரங்களும் கட்டட ஒப்பந்ததாரர்களும் வேர்டிலும் எக்ஸெலிலும்தான் கோப்பு அனுப்பினார்கள். மியூனிக் ஊழியர் திறந்தால் அட்டவணை இடம்மாறி நிற்கும். குற்றம் அனுப்பியவர்மேல் விழாது, திறந்தவரின் மென்பொருள்மேல்தான் விழும்.

இதுதான் சிறுபான்மையாக இருப்பதன் விலை. எல்லோரும் விண்டோஸ் வைத்திருக்கும் அலுவலகத்தில் அச்சுப்பொறி நின்றால் அச்சுப்பொறியைத் திட்டுவார்கள். லினக்ஸ் வைத்திருக்கும் அலுவலகத்தில் அச்சுப்பொறி நின்றால் லினக்ஸைத் திட்டுவார்கள். மியூனிக்கில் சர்வர் மெதுவானாலும், மின்னஞ்சல் தாமதமானாலும், கணினிப் பிரிவு ஒரு வேண்டுகோளை மூன்று மாதம் கிடப்பில் போட்டாலும் எல்லாம் லிமுக்ஸ் கணக்கில் எழுதப்பட்டன.

ஆள் மாறினார்

2014-ல் ஊடே ஓய்வுபெற்றார். அவர் கட்சியைச் சேர்ந்த டீட்டர் ரைட்டர் மேயரானார். முன்பு எதிர்த்து வாக்களித்த கிறிஸ்தவ சமூக ஒன்றியத்தோடு கூட்டணி. அக்கட்சியின் யோசெஃப் ஷ்மிட் துணை மேயர். மேயராவதற்கு முன் நகரத்தின் பொருளாதாரத் துறைக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ரைட்டர். மைக்ரோசாஃப்ட் தன் ஜெர்மன் தலைமையகத்தைப் புறநகரிலிருந்து மியூனிக் நகருக்குள் கொண்டுவர முடிவெடுத்தது அந்தக் காலத்தில்தான். தன்னை மைக்ரோசாஃப்ட் விசிறி என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். பின்னால் வந்த முடிவுகளையும் இதையும் முடிச்சுப்போட்டுப் பேசியவர்கள் நிறைய. அந்த முடிச்சுக்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை.

பதவியேற்ற சில மாதத்திலேயே குறைகள் மேலிருந்து வரத் தொடங்கின. மின்னஞ்சல், நாட்காட்டி, தொடர்பு முகவரிகள் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் வசதி இல்லை என்றார் துணை மேயர். தன் அலுவல் கைபேசியில் மின்னஞ்சல் வருவதற்குள் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்கென்று தனி சர்வர் அமைக்க வேண்டியிருந்தது என்றார் மேயர். இரண்டும் நியாயமான குறைகள்தாம். ஆனால் மின்னஞ்சல் சர்வருக்கும் மேசைக் கணினியில் ஓடும் லினக்ஸுக்கும் சம்பந்தமில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கொலாப் என்ற கட்டற்ற மென்பொருளை நகரம் தேர்ந்தெடுத்து அமைத்துக்கொண்டிருந்தது. அது ஊழியர் கைக்கு வருவதற்குள் காற்று திசைமாறிவிட்டது.

கணினித் துறையை ஆய்வு செய்யும் பொறுப்பு அக்செஞ்சர் நிறுவனத்துக்குப் போனது. மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து அவனாட் என்ற கூட்டு நிறுவனத்தை 2000-லிருந்து நடத்திவருவது அக்செஞ்சர். விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. ஆனால் 2016-ல் வந்த அறிக்கையைப் படித்தால், அது முக்கியமாகக் குறை சொன்னது நிர்வாக அமைப்பைத்தான். பொறுப்புகள் சிதறிக் கிடக்கின்றன, யார் முடிவெடுப்பது என்று தெரியவில்லை, பழைய பதிப்புகள் புதுப்பிக்கப்படாமல் ஓடுகின்றன. லினக்ஸோடு சேர்த்து, வேண்டுகிற துறைகளுக்குப் பொதுவான விண்டோஸ் கணினி ஒன்றும் தரலாம் என்பது அதன் யோசனை. லினக்ஸை அடியோடு நீக்கு என்று அது சொல்லவில்லை.

2017 பிப்ரவரி 15 அன்று ஆளும் கூட்டணி கடைசி நேரத்தில் கொண்டுவந்த தீர்மானம் இதையும் தாண்டிப் போனது. 2020-க்குள் எல்லாத் துறைக்கும் ஒரே விண்டோஸ் கணினி என்ற இலக்கோடு திட்டம் தயாரிக்கச் சொன்னது. மாநகராட்சிக் கணினிப் பிரிவின் தலைவர் கார்ல்-ஹைன்ஸ் ஷ்னைடர் அடுத்த மாதமே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். முன்பிருந்த சிக்கல்கள் பெருமளவு தீர்ந்துவிட்டன, விண்டோஸுக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்பதற்கு வலுவான தொழில்நுட்பக் காரணம் எதுவும் தனக்குத் தெரியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அமைப்பை நடத்துகிறவர் ஒன்று சொன்னார், அமைப்பை ஆள்கிறவர்கள் வேறொன்று முடிவு செய்தார்கள். நவம்பர் 23 அன்று இறுதி ஒப்புதல் கிடைத்தது. ஏறத்தாழ 29,000 கணினிகளை விண்டோஸ் 10-க்கு மாற்ற மதிப்பிட்ட செலவு 49.3 மில்லியன் யூரோ.

யார் தோற்றது?

லினக்ஸ் தோற்றது என்று ஒரு கூட்டம் எழுதியது. அரசியல் தோற்கடித்தது என்று இன்னொரு கூட்டம் எழுதியது. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் இந்தக் கதையை வரிசையாகப் பார்த்தால் மூன்றாவது ஒன்று தெரிகிறது.

2003-ல் மியூனிக்கில் இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்று, ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பது. மற்றது, இருபது சொச்சம் பிரிவுகளாகச் சிதறிக் கிடக்கும் கணினி நிர்வாகம். லிமுக்ஸ் முதல் நோய்க்குத்தான் மருந்து. இரண்டாவது நோயையும் அதன் தலையில் கட்டினார்கள். டெம்ப்ளேட்களை ஒழுங்குபடுத்தியதில் கொஞ்சம் குணமும் தெரிந்தது. ஆனால் எந்தத் துறைக்கு யார் பதில் சொல்வது என்பதை ஒரு மென்பொருள் முடிவு செய்ய முடியாது. அதை மேயரும் மன்றமும்தான் செய்ய வேண்டும். அவர்கள் அரைகுறையாகவே செய்தார்கள். 2016-ல் அக்செஞ்சர் பட்டியலிட்ட குறைகளில் பெரும்பாலானவை 2003-லேயே இருந்தவை. விண்டோஸ் திரும்பி வந்தாலும் அவை தானாகப் போகாது.

பூட்டு எங்கே இருக்கிறது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. எம்.எஸ். ஆபிஸிலிருந்து வெளியே வரத் தடையாக இருந்தவை டெம்ப்ளேட்கள். பதினான்கு ஆண்டு கழித்து லிப்ரெஆபிஸிலிருந்து வெளியே போகவும் தடையாக நின்றவை அதே டெம்ப்ளேட்கள்தாம், இப்போது வோல்முக்ஸ் உடையில். ஒரு வித்தியாசம் உண்டு. வோல்முக்ஸின் மூலநிரல் நகரத்தின் கையில் இருந்தது, ஓ.டி.எஃப். யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய தரம். 2003-ல் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் தடவியவர்கள், 2017-ல் தெரிந்தே வெளியே போனார்கள். போக வேண்டுமென்று முடிவெடுக்கும் உரிமை உட்பட, ஊடே கேட்ட சுதந்திரம் இதுதான்.

2020 மே மாதம் மியூனிக்கில் மீண்டும் கூட்டணி மாறியது. பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் கைகோத்தன. பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரல் பொதுவுக்கே என்ற கொள்கை கூட்டணி ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. மேயர் நாற்காலியில் அப்போதும் அதே ரைட்டர் இருந்தார்.

ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் 2024 ஏப்ரலில் சுமார் 30,000 அரசுக் கணினிகளை எம்.எஸ். ஆபிஸிலிருந்து லிப்ரெஆபிஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. 2025-ல் மின்னஞ்சலையும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே கொண்டுவந்தது. இயங்குதளத்தின் முறை கடைசியில்தான். முதலில் ஊழியர் தினமும் தொடும் கோப்பு, பிறகு கடிதப் போக்குவரத்து, அவை இரண்டும் எந்த இயங்குதளத்திலும் ஓடும் என்றான பிறகு அடியில் இருப்பதை மாற்றினால் எவருக்கும் வலிக்காது.

இந்த வரிசையை வடக்கு ஜெர்மனி கண்டுபிடிக்கவில்லை. மியூனிக் தன் முதல் கணினியை மாற்றுவதற்கு முன்பே, 2005-ல், பக்கத்து நாட்டில் சீருடை அணிந்த ஓர் அமைப்பு சத்தமில்லாமல் தொடங்கிவிட்டது. முதலில் ஓப்பன்ஆபிஸ், அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும், 2008-ல் உபுண்டு. பால்மர் பறந்து வரவில்லை, தொலைக்காட்சிக் கேமராக்கள் வரவில்லை, தேர்தலில் மாறும் தலைவரும் அங்கே இல்லை. இன்றுவரை அவர்கள் திரும்பிப் போகவும் இல்லை. பிரான்ஸின் ஜாந்தர்மெரி காவல்படை அதை எப்படிச் சாதித்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)